சேனை தொட்டது

ஐப்பசி 9, வெள்ளி, இரவு.

மகன் முருகனுக்கு இன்று ஆண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் சம்பந்தியம்மா உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, சேனை வைக்க அவனைக் கூப்பிட்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“என்ன மாப்ளே, ஒங்க பிள்ளைதான? கடிச்சா வைக்கும், பல்லுகூட மொளைக்கல.”

“நான் வைக்கல அத்தே. அப்பா வைக்கட்டும்.”

வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். “ஏலே, ஒனக்கு என்ன வந்துச்சு?”

“டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டியள்லா? எலும்பு கூடிட்டு. ஒடம்பு இன்னும் அந்த லாரிக்கு அடியிலதான் கெடக்கு. அது எம்பிள்ளைக்கு வேண்டாம்ப்பா.”

லாரி ஏறி இவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்த டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பெரிய அடி பட்டால் மரபணு மாறாதாம். அதில் எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்கிற குறிகள் மாறிவிடலாமாம். காயம் ஆறிய பிறகும் உடம்பு அடிபட்ட உடம்பாகவே நடந்துகொள்ளுமாம். பிள்ளைக்குப் போகுமா என்று இவன் கேட்டதற்கு, மனிதர்களில் இன்னும் உறுதியாகத் தெரியாது என்றார்.

நானே சேனை வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது. கதவோரம் நின்ற முருகன் முகத்தில், லாரி ஏறிய பிறகு முதல்முறையாக நிம்மதியைப் பார்த்தேன். பிள்ளை தப்பித்துவிட்டதென்று நினைக்கிறான்.

லாரி ஏறியது போன வருஷம் ஆடியில். பிள்ளை தரித்தது இந்தத் தையில். அந்தக் குறி பிள்ளைக்குப் போவதாக இருந்தால் தரித்த அன்றைக்கே போயிருக்கும், சேனைக்குக் காத்திருக்காது. இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.