வால்வு பூட்டப் போனவன்

கௌசலாவுக்கு,

அமோனியா தொண்டையைச் சுட்டுவிட்டது. போனில் கதைக்க முடியாததால் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உன் தம்பியின் செத்தவீட்டுக்கும் என்னை விடவில்லை.

படகின் குளிர் அறையில் குழாய் வெடித்து அந்த அமோனியாக் காஸ் கசிந்தது. நாங்கள் காற்று வந்த பக்கமாக ஓடினோம். அவன் வால்வைப் பூட்டக் கீழே இறங்கினான். ஈரத் துவாயை முகத்தில் கட்டிக்கொண்டு நான் இறங்கியபோது, இரண்டு காதையும் பொத்தியபடி மூலையில் சுருண்டு கிடந்தான். மூச்சு இல்லை.

வால்வைப் பூட்டத்தான் இறங்கினான். கூட வந்தவர்கள், "வெடிச்சத்தத்துக்குப் பங்கர்க் குழியெண்டு நினைச்சுக் குதிச்சிட்டான்" என்று சொல்வார்கள். நீ நம்பாதே.

சண்டைக்காலத்தில் "காதைப் பொத்தடா, குதியடா" என்று நீ பழக்கியதால்தான் அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த அவன் உயிர் தப்பினான். அதை மட்டும் நினை.

உன்ரை மனுசன்