உனக்கு அசல்தான் டி

நாள் 143, 08:10
நிலவின் தென்முனை நிலையம். தனியாள்: பொற்கொடி, உடலியல் ஆய்வாளர்.
காலை மூச்சுப்பயிற்சி முடிந்தது. குழலை வாயில் கவ்வி முப்பது இழுப்பு. திரையில் இழுவிசை 96. வந்த புதிதில் 58. இப்போதெல்லாம் இழுக்க இழுக்க இலகுவாக இருக்கிறது, பலம் ஏறிவிட்டது.

எங்கள் ஆய்வில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு நிலையம். எடை குறைந்த இடத்தில் மூச்சுத் தசைகள் சோம்பிப்போகும், கருவி அதைத் தடுக்குமா என்பதே கேள்வி. ஆறு பேருக்கு அசல் கருவி. ஆறு பேருக்குப் போலி: இழுப்பை எதிர்க்கும் சுருள்வில் உள்ளே கிடையாது, திரையில் எண் மட்டும் தானாக ஏறும். யாருக்கு எது என்று சொல்லக் கூடாது. அந்த விதியை எழுதியதே நான். பட்டியல் பூமியில் லிடியாவிடம் இருக்கிறது. கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என் அறைத்தோழி. கிளம்பும்போது காதோடு சொன்னாள்: "உனக்கு அசல்தான் டி."
திட்டியிருக்க வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நாள் 149, 08:15
96. மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் மூச்சசைவை அளக்கின்றன. வயிற்றசைவு குறைந்திருக்கிறது. பட்டை தளர்ந்திருக்கும். இறுக்கினேன்.

நாள் 151, 06:40
காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. சரிசெய்ய முடியவில்லை.
அசையாமல் படுத்திருந்தால் நான்கு நாள் காற்று வரும். மீட்புக்கலமும் நான்காம் நாள்தான் வரும். இல்லையென்றால் ஆறு கிலோமீட்டர் நடந்து, காற்று இருக்கும் இறங்குகலத்துக்குப் போகலாம். விண்கவசத்தில் காற்றை ஊதும் விசிறி ஓடவில்லை. மூன்று மணி நேரம் காற்றை என் நெஞ்சே வால்வு வழியாக இழுக்க வேண்டும். 80 இருந்தால் தாங்கும். எனக்குத்தான் 96 இருக்கிறதே, நடக்கிறேன் என்றேன். கட்டுப்பாட்டு அறையில் சம்மதித்தார்கள். லிடியாவும் இணைப்பில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாள் 151, 09:25. கவசத்துக்குள், குரல் பதிவு
முக்கால்வாசி வந்துவிட்டேன். கழுத்து நரம்பு புடைக்கிறது. வயிறு அசையவில்லை, தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கிறேன். கவசத்தின் மானி 44 காட்டுகிறது. களைப்பு பாதிக்குமேல் தின்னுமா என்ன?
லிடியாவைக் கூப்பிட்டு, என் கருவி எது, உண்மையைச் சொல் என்றேன்.
"போலி டி. அசல்னு நம்பினதாலதானே ஒருநாள்கூட விடாம பண்ணினே."
காலையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா நான் பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எப்படியும் நீ தாங்கிடுவேன்னு நெனச்சேன்."
அடிப்பாவி. ஐந்து மாதமாக வெறும் குழலை உறிஞ்சியிருக்கிறேன். இன்று படுத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

10:02
38. இருபது அடி நடை, பிறகு நின்று மூச்சு. திரும்பிப் போகவும் முடியாது, அது இன்னும் தூரம்.
இந்தப் பதிவை எடுப்பவருக்கு: ஆய்வின் விதியில் தப்பில்லை. அவளை நம்பினேன், அதுதான் தப்பு. வயிறெரிகிறது.

10:31
29. இறங்குகலத்தின் விளக்கு தெரிகிறது. அரை கிலோமீட்டர் இருக்கும். உட்கார்ந்துவிட்டேன். எழ வரவில்லை.
பட்டைகளின் இணைப்பை அணைத்தேன்.

10:34
லிடியா: "பட்டையிலேர்ந்து ஒண்ணும் வரல. ஆன் பண்ணு டி. கடைசி அளவு இல்லாம ஆய்வு முடியாது."
மூச்சு வருகிறதா என்று கேட்கவில்லை.
மாட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அதையும் அவளுக்குத் தர