ஆள்வசம் வந்த ஷூ

786
மரக்காணம்
18.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன். கடலூரில் ஆஸிஃபாவும் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகர் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "நார்மல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். அதைக் கடிதத்தில் ஒளிக்க முடியாது, இரண்டு வரியாவது எழுத வேண்டும்.

நேற்றுத்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் ரூமில் ஆறு பேர். நான் ஹலோ சொன்னால் ஆறு பேருக்கும் கேட்கிறது. அதனால் நம் பேச்சு "சாப்பிட்டியா"வைத் தாண்டுவதே இல்லை. கல்யாணமான புதிதில் எழுதிக்கொண்டோமே, அப்படி எழுதிப் பார்ப்போம். லீவு முடிந்து குவைத் திரும்புகிற கோட்டக்குப்பம் அஸ்லம் வசம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள். போன மாதம் மாப்பிள்ளை தன் பிறந்தநாளுக்கு எங்களையெல்லாம் பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு கோ-கார்ட் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அது தரையோடு தரையாக இருக்கிற சின்ன வண்டி. நாலு சக்கரம், ஒரு சீட், பின்னால் எஞ்சின், அவ்வளவுதான். கதவும் இல்லை, கூரையும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா வண்டியைப் பார்த்ததுமே தன் டோக்கனை என் கையில் திணித்துவிட்டார். "சம்பந்தி, நீங்க போங்க. எனக்கு இப்பவே தல சுத்துது."

வீணாகப் போகிறதே என்றுதான் உட்கார்ந்தேன். ஹெல்மெட்டைப் போட்டதும் வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. நம் வீட்டிலும் சத்தமில்லைதான், ஆனால் அங்கே ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கும். இங்கே என் மூச்சு எனக்குக் கேட்டது. இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். ஆஸிஃபா ஓடி வந்து, "அம்மா, பயந்துட்டியா?" என்றாள். இன்னொரு டோக்கன் எங்கே வாங்குவது என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு தனியாகவே போய் வந்துவிட்டேன். ஸ்கூட்டியில்தான். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அமராவதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முந்திக்கொண்டேன்.

துஆவுடன்,
சைபுன்னிசா


குவைத்
20.9.2024

அன்புள்ள சைபு,

வ அலைக்கும் ஸலாம். சுகர் நூற்றறுபது. போதுமா?

உன் கடிதத்தை டேங்கர் லாரியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். நாற்பத்தேழு வயதில் ரேஸ் வண்டியா? நான் ஊருக்கு வந்தால் பஜாரில் என்ன கேட்பான்கள்? "ஏம்பா முஜீப், உங்க வூட்ல ரேஸ் ஓட்டுறாங்களாமே, நீ எப்ப ஓட்டப் போற?" என்பான்கள். போர் அடித்தால் ஆஸிஃபா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா. விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் பார்க்க ஆள் யார் இருக்கிறார்கள்?

நான் சொன்னால் நீ நிறுத்தமாட்டாய். அதனால் ஒழுங்காகவாவது ஓட்டு. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், கேள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்துவிடு, வளைவுக்குள் போய்ப் பிடிக்காதே. கண் வளைவின் முடிவில் இருக்கட்டும், கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும். இடது காலைப் பிரேக் பக்கமே கொண்டுபோகாதே. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வலது கால் வேலை. இது டிரைவிங்கில் பால பாடம்.

இங்கே நான் விடியற்காலையில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ரோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும், வளைவே கிடையாது. எப்போதாவது ஒரு ரவுண்டானா வரும். இப்போதெல்லாம் அங்கே வந்ததும் உன் ஞாபகம் வருகிறது.

இப்படிக்கு,
முஜீப் ரஹ்மான்


786
மரக்காணம்
27.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். நூற்றறுபதை நார்மல் என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். இரவில் குப்பூஸ் ரொட்டியைக் குறையுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டு இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாவது வளைவில் பிரேக்கைத் தேடி வலது காலைக் கொண்டுபோனால், நடுவில் ஸ்டியரிங் கம்பி நிற்கிறது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே திரும்பி நின்றது. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற சத்யப்ரியா என்ற பெண் ஓடி வந்தாள். "மேடம், பிரேக்குக்கு லெஃப்ட் காலு, ஆக்ஸிலரேட்டருக்கு ரைட் காலு. யாரு உங்களுக்கு மாத்திச் சொன்னது?" வீட்டுக்காரர் சொன்னார் என்றேன். "சார் கார்ட் ஓட்டுவாங்களா?" என்றாள். சார் தண்ணி லாரி ஓட்டுவார் என்றதும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். இனி ஒரு கால் உங்கள் பேச்சைக் கேட்கும், ஒரு கால் கேட்காது.

பஜாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் தலை, கழுத்து, முகம் எல்லாம் மூடுகிற மாதிரி ஒரு துணி போட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆண்களும் போடத்தான் வேண்டும். கண்ணை மட்டும் வைத்து யார் எவர் என்று சொல்லவே முடியாது. எனக்கானதை நானே தைத்துக்கொண்டேன். சத்யப்ரியா பார்த்துவிட்டு இன்னும் ஆறு ஆர்டர் கொடுத்திருக்கிறாள். காலமெல்லாம் தையல் மெஷின் மிதித்த கால் என்பதால் பெடலை நான் பூப்போல விடுகிறேனாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

போர் அடித்தால் ஆஸிஃபா வீட்டுக்குப் போ என்கிறீர்கள். போர் அடிப்பது வேறு, தனியாக இருப்பது வேறு மச்சான். இங்கே பொழுது சாய்ந்து மக்ரிப் ஆனதும் உப்பளத்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாடியில் நின்றால் உப்புக் குவியல்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கீழே வந்து ஒரு ஆளுக்குச் சோறு வைப்பேன். ஒரு ஆளுக்கு வைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

ஏப்ரல் 27 அன்று நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று நீங்கள் சொல்லாத வருஷம் கிடையாது. இந்த முறை சொல்லும்போது அந்தத் தேதியையும் ஞாபகத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சைபு


குவைத்
3.1.2025

அன்புள்ள சைபு,

நலமா? புயலுக்குப் பிறகு போனில் உன் குரலே சரியில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நீ சொல்லவில்லை, ஆஸிஃபா சொல்லித்தான் தெரியும்.

இடது கால் விஷயத்தை ரூமில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக என்னை "ரேஸ் வாத்தியார்" என்றுதான் கூப்பிடுகிறான்கள். இருக்கட்டும்.

இங்கே ஒரு கடையில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஷூ விற்கிறது. அடிப்பாகம் மெல்லிசாக இருக்கும், பெடல் காலுக்குத் தெரியுமாம். உனக்குச் சிவப்பு வாங்கியிருக்கிறேன். அளவுக்கு என்ன செய்தேன் என்று கேள். நான் முதல் தடவை இங்கே வந்தபோது, செருப்பு வாங்க உன் காலை நோட்டுத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினாயே, அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ரூம் மாறினாலும் கம்பெனி மாறினாலும் அதைத் தொலைத்ததில்லை. கடைக்காரனிடம் விரித்து வைத்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் அளந்து கொடுத்துவிட்டான். ஊருக்கு வருகிற நூர் முஹம்மது பாய் வசம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன். ரமலான் முடிந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். இந்த முறை ஒரேயடியாக. ஏப்ரல் 27 நான் வேலிக்கு வெளியே நிற்பேன். நீ தப்பு செய்தால் அங்கிருந்தே கத்துவேன்.

முஜீப்


786
மரக்காணம்
26.1.2025

என் மச்சானுக்கு,

ஷூ வந்து சேர்ந்தது. சிவப்பு கண்ணைப் பறிக்கிறது. ஆனால் கால் உள்ளே போகவில்லை. குதிகாலில் ஸ்பூன் வைத்துத் தள்ளிப் பார்த்தேன், அதற்கும் மசியவில்லை.

கோபமில்லை மச்சான். சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் இருப்பது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கால். அதற்குப் பிறகு ஆஸிஃபாவைச் சுமந்தபோது கால் வீங்கியது, பழைய அளவுக்கு வரவே இல்லை. மெஷின் மிதித்துப் பாதம் அகன்றுவிட்டது. வலது பெருவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது. நாற்பது நாள் லீவில் வந்து போகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தது பெருநாள் செருப்புப் போட்ட காலைத்தான்.

புயல் இரவைப் பற்றிச் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்களிடம் சொன்னால் "பத்திரமா இரு" என்பீர்கள். பத்திரமாகத்தான் இருந்தேன். கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு, மைதானத்தின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பிரேக், எங்கே விடுவது என்று. விடிந்துவிட்டது.

இத்துடன் புதுத் தாளில் கால் வரைந்து அனுப்புகிறேன். இரண்டு காலும் வரைந்திருக்கிறேன், இரண்டும் ஒரே அளவில் இல்லை. இந்தச் சிவப்பு ஷூவை ஆஸிஃபாவுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குச் சரியாக இருக்கிறது. புதிதாக வாங்கினால் ஒரே ஒரு கண்டிஷன். ஆள்வசம் கொடுத்தனுப்பக் கூடாது. நீங்களே கையில் கொண்டுவர வேண்டும். அதுவரை பஜாரில் வாங்கிய கேன்வாஸ் ஷூ போதும். ஷூ முன்னால் வந்து நீங்கள் பின்னால் வருவதாக இருந்தால் எனக்கு ஷூ வேண்டாம்.

காத்திருக்கும்,
சைபு


குவைத்
18.4.2025

அன்புள்ள சைபு,

இதை அஸ்லம் வசம் கொடுத்தனுப்புகிறேன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறான். ஷூவும் அவன் வசம்தான் வருகிறது. நீ என்ன எழுதியிருந்தாய் என்பது எனக்கு மறக்கவில்லை.

எனக்குப் பதில் வர வேண்டிய டிரைவருக்கு விசா ஆகவில்லை. கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று போனில் உன்னிடம் சொன்னேனே, அதற்கு முன்பே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இங்கே நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ ஒளிக்காமல் எழுதுகிறாய், நானும் எழுதுகிறேன். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் கம்பெனி விட்டிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது சைபு. லீவில் வந்தால் நான் விருந்தாளி. பிரியாணி போடுவாய், எல்லாரும் பார்க்க வருவார்கள், நாற்பது நாள் ஓடிவிடும். நாற்பத்தொன்றாவது நாள் நான் என்ன செய்வேன்? அந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்றுகூட எனக்குத் தெரியாது. உன் காலே எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டில், இந்த ஆறு பேர், இந்த நேர் ரோடு, இதுதான் பழகிவிட்டது. இது உனக்கு நியாயமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஷூ சரியாக இருக்கும். இரண்டு தடவை அளந்து வாங்கினேன். நன்றாக ஓட்டு. அடுத்த ரமலானுக்குக் கட்டாயம் வருகிறேன்.

முஜீப்


786
மரக்காணம்
5.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அஸ்லம் பத்திரமாக வந்து சேர்ந்தார். அவர் தங்கை கல்யாணம் நல்லபடி முடிந்தது. உங்கள் சார்பில் நான் போயிருந்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் வாசலில் கார் வந்து நின்றது. நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். அடுப்பை அணைக்காமல் ஓடினேன். அஸ்லம் இறங்கி அட்டைப்பெட்டியை நீட்டினார். "அக்கா, பாய் குடுக்கச் சொன்னாருங்க" என்றார். காருக்குள் எட்டிப் பார்த்தேன். பாவம் அந்தப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு வரலிங்க" என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே வந்தால் குழம்பு அடிப்பிடித்திருந்தது.

ஷூ சரியாக இருக்கிறது. இரண்டு காலுக்கும். புடைத்த எலும்பு இருக்கிற இடத்தில்கூட இடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்கு அனுப்பிய எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. அதை நினைத்துத்தான் அன்றைக்கு அழுதேன்.

அதையே போட்டுக்கொண்டு ஓட்டினேன். எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தேன். கடைசிச் சுற்றில் ஒரு ரிடையர்டு போலீஸ்காரரை முந்தினேன், அவர் இன்னும் அதை நம்பவில்லை. முடிந்ததும் எல்லாரும் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர், "மேடம், உங்க கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க" என்றார். தனியாகத்தான் வந்தேன் என்றேன். ஆஸிஃபாவை நான் கூப்பிடவில்லை. வேலிப் பக்கம் உங்களுக்கென்று வைத்திருந்த இடத்தில் வேறு யாரும் நிற்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். சத்யப்ரியா வந்து பக்கத்தில் நின்றாள். போட்டோவில் அவள் சிரிக்கிறாள், நான் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது மச்சான். பொய் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி. எனக்கும் பயம்தான், நீங்கள் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று. ஆனாலும் வாருங்கள், சேர்ந்தே பயப்படலாம் என்றுதான் நான் இருந்தேன். நீங்கள் அங்கேயே பயந்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

இனிமேல் எனக்கென்று அளவெடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வருகிறேன் என்று தேதி போட்டும் எழுத வேண்டாம். புதுத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பழைய தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவளைத்தான் உங்களுக்குத் தெரியும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். சுகர் மாத்திரையை விடாமல் போடுங்கள். இது உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஹாலில் முதல் சுவிட்ச் லைட், இரண்டாவது ஃபேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாவி அமராவதி அக்காவிடம் இருக்கும்.

வஸ்ஸலாம்,
சைபுன்னிசா