வாரேன்னு சொன்னாப் போதுமா?

என்ர செல்ல அக்காவுக்கு,

நீ இருக்கிற எடத்துல இதையெல்லாம் படிக்க முடியுமான்னு தெரியல. இருந்தாலும் எழுதுறேன். பயமா இருக்கு அக்கா. அம்மாகிட்டச் சொன்னா அது சோறு திங்காது. வேற யார்கிட்டச் சொல்றது?

நான் நர்ஸ் ஆயிட்டேன், அது உனக்குத் தெரியாதில்ல. பீளமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில மனநல வார்டு. மாத்திரையைக் கொடுத்துட்டு, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க"ன்னு சொல்லி, முழுங்கிட்டாங்களான்னு பார்க்கிற வேலை. யாரும் உள்ள பூட்டிக்கிட்டு எதுவும் பண்ணிக்கக் கூடாதுன்னு பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. "அங்க போய் எப்படி அம்மணி இருக்கே, அடிக்க வர மாட்டாங்களா?"ன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. வார்டுல இருக்கிறவங்களைக் கண்டு எனக்கென்ன பயம்? அவங்க ஊட்டுக்குக் கிளம்புறப்பத்தான் எனக்குப் பயம்.

சாந்தாமணின்னு ஒருத்தங்க. கணபதி ஏரியாவுல அவங்க ஊட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுற பட்டறை வெச்சிருக்காரு. உசிரை விடப் பார்த்தவங்களைக் காப்பாத்திக் கொண்டாந்து எங்க வார்டுல சேர்த்தாங்க. வந்ததுலிருந்து செவுத்தைப் பார்த்துப் படுத்தே கிடந்தாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூடப் பேச்சு இல்ல.

ஒரு நாள் காலையில பார்த்தா, தலைக்குக் குளிச்சு, பின்னல் போட்டு, சிரிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. ஊட்டுக்காரருக்குக் கண்ணே நிறைஞ்சுபோச்சு. கூட்டிட்டுப் போயிடலாமான்னு கேட்டாரு, டாக்டரம்மாவும் சரின்னாங்க. சாந்தாமணி தன்ர புதுச் சீப்பைப் பக்கத்துப் படுக்கைக்காரம்மாவுக்குக் கொடுத்துட்டு, என்னைத் தாண்டிப் போறப்ப, "போறேனுங்க சிஸ்டர்"ன்னாங்க.

போறேன்னு நம்மூர்ல யாரு சொல்றா? தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் வாரேன்தானே?

உன்ர ஞாபகம்தான் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு ஜடை பின்னிவிட்டுட்டு, வாசல்ல செருப்பை மாட்டிட்டே "போறேன் அம்மணி"ன்னு சொன்னே. அம்மா சமையல்கட்டுல இருந்தே, "வாரேன்னு சொல்லு கண்ணு"ன்னுச்சு. நீ சிரிச்சுட்டு, "சரிம்மா, வாரேன்"ன்னு திருத்திச் சொல்லிட்டுப் போனே. சாயங்காலம் உன்ர உடம்பைத்தான் கொண்டாந்தாங்க. நீயா முடிச்சுக்கிட்டேன்னு சொன்னாங்க. வார்த்தையைத் திருத்தினோம், உன்னை ஏதாச்சும் கேட்டோமா?

அதனால கேட்டேன் அக்கா. சாந்தாமணியைத் தனியாக் கூட்டிட்டுப் போய், "ஏனுங்க, மறுபடியும் உசிரை விட்டுறலாம்னு தோணுதுங்களா?"ன்னு நேரடியாவே கேட்டேன். கேட்டாத்தான் அந்த நெனப்பு வரும்னு ஊர்ல சொல்லுவாங்க. அது அப்படி இல்லீன்னு படிச்சிருக்கேன்.

அவங்க, "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"னு கேட்டாங்க. "நீங்க போறேன்னு சொன்னீங்க"ன்னேன். அப்பத்தான் அழுதாங்க. நான் போய்ச் சொன்னதும் டாக்டரம்மா உடனே டிஸ்சார்ஜை நிறுத்திட்டாங்க. பகலும் ராத்திரியும் யாராச்சும் ஒருத்தர் பக்கத்துலயே இருந்தோம்.

இப்பத் தேவலை. மருந்து வேலை செய்யுது, சோறு திங்கறாங்க, பட்டறைக் கணக்கைப் பத்திக்கூட ஊட்டுக்காரர்கிட்டச் சண்டை போடுறாங்க. மாத்திரையை அவரு பூட்டி வெச்சு வேளாவேளைக்குக் கொடுக்கணும்னு பேசியாச்சு. நாளைக்கு ஊட்டுக்குப் போறாங்க. எனக்குத்தான் பயம் போகல. அங்க தாழ்ப்பாள் இருக்குமே அக்கா. நான் இருக்க மாட்டேனே.

இன்னைக்கு டூட்டி முடிஞ்சு பையை எடுத்தப்ப அவங்களே வந்து, "நாளைக்குப் போயிட்டு வாரேனுங்க சிஸ்டர்"ன்னாங்க. வாரேனை அழுத்தி, என்ர மூஞ்சியைப் பார்த்துட்டே. நான் எந்த வார்த்தைக்குக் காதைத் தீட்டி வெச்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. இனி அதை வெச்சு நான் என்னத்தைக் கண்டுபுடிக்கிறது? நீயும் அம்மாவுக்காகத் திருத்திச் சொன்னவதானே?

பையைக் கீழ வெச்சுட்டு மறுபடியும் அதையே கேட்டேன்.

"இன்னைக்கு இல்லீங்க. நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியாதுங்க சிஸ்டர்."

"அப்ப நாளைக்கும் கேக்கட்டுங்களா?"

"கேளுங்க"ன்னு என்ர கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

சொன்னா நீ சிரிப்பே. அந்த வாரேனை விட, இந்தத் 'தெரியாதுங்க'தான் எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் போன் போட்டுக் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். பயந்துட்டேதான் கேப்பேன், ஆனா கேக்காம விட மாட்டேன். உன்மேல சத்தியம்.

முடிக்கிறப்ப கை பழக்கத்துல வாரேன்னு எழுதப் பார்த்துச்சு. எழுதாம நிறுத்திட்டேன். உன்கிட்ட மட்டும் அந்த வார்த்தை இப்போதைக்கு வேண்டாம் அக்கா. எனக்கு இங்க வேலை இருக்கு.

நீ பின்னிவிட்ட ஜடையோட பள்ளிக்கூடம் போன
உன்ர தங்கச்சி