ஒரு கை ஜன்னலில்

மார்ச் 3
மூக்குக்கண்ணாடியின் ஆணி கழன்றிருந்தது, இறுக்கினேன். பேனாவுக்கு மை போட்டேன். கடைக்குட்டி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள், இன்று செவ்வாய். ஆனாலும் தொலைபேசியைக் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்கே மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். எனக்குப் பிறந்தவள் கடலோரக் காவல்படையில் விமானியாகப் போகிறாள். ஹெலிகாப்டர் ஓட்டப்போகிறாளாம்.

மார்ச் 5
வியாழக்கிழமை கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அப்பா, கூண்டுல தோத்துட்டேன்."

கூண்டைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறாள். ஹெலிகாப்டரின் உடல் போல ஒரு பெட்டி. பயிற்சிக்கு வந்தவர்களை வார் போட்டு அதில் உட்காரவைத்து நீச்சல்குளத்தில் இறக்குவார்கள். உள்ளே போனதும் பெட்டி தலைகீழாகக் கவிழும். கடலில் விழுந்தால் ஹெலிகாப்டர் அப்படித்தான் கவிழுமாம். ஒரு கை ஜன்னல் சட்டத்தில் இருக்க வேண்டும், மறு கை இடுப்பு வாரில். எல்லாம் அசைந்து ஓயும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளி, பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். ஜன்னலைப் பிடித்த கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வெளியே போகும் வழி. இவள் பதற்றத்தில் வாரை முதலில் கழற்றிவிட்டாள். ஜன்னலில் இருந்த கையும் நழுவியிருக்கிறது. உள்ளேயே சுற்றியவளை முக்குளிப்பவர் ஒருவர் காலைப் பிடித்து இழுத்து வந்தாராம்.

அடுத்த வெள்ளி இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் பறக்கும் பிரிவில் இடமில்லை.

நான் என்ன சொன்னேன்? "பயமா இருந்தா வந்துடும்மா. தரையிலயும் நல்ல வேலை இருக்கு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

"சரிப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 6
மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மார்ச் 8
ஞாயிறு. அழைப்பு இல்லை.

"உங்க பயத்தை எதுக்குங்க அவ தலையில கட்டுறீங்க? அவளுக்கு அவ பயமே போதும்" என்றாள் மனைவி. சரிதான்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். தோற்றுவிட்டேன் என்று அவள் சொன்னதும் எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடிதான் — ஆனாலும் வந்தது. என் குரலில் அது தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் வைத்துவிட்டாளோ?

மார்ச் 9
பணிக்காலம் முழுவதும் வரைபட அலுவலகத்தில் இருந்தவன். ஒவ்வொரு தாளிலும் வடக்கு வடக்கில்தான் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. திசையே இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அது தெரியாமல் அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன்.

குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன். துண்டை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்தேன். மூச்சை அடக்கி, கண்ணை மூடி, முகத்தை உள்ளே விட்டேன். தண்ணீர் காதுக்கு மேல் ஏறியதும் ஒரே இரைச்சல். என் நெஞ்சு அடித்துக்கொள்வது வேறு யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. கை தானாகத் துழாவிக் குழாயைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி கதவைத் திறந்தாள். தாழ் போடாதது என் பிழை. அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல. பயிற்சி" என்றேன், தாடையில் தண்ணீர் சொட்ட.

"பயிற்சியா? மனுஷிக்கு உயிரே போயிடுச்சு!"

எதிர்வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகம் கழுவ ஒரு கைத் தண்ணி போதுமே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மார்ச் 10
நானே கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டதும் தாளை மறந்துவிட்டேன்.

"அன்னைக்குச் சொன்னது தப்பும்மா."

"விடுங்கப்பா."

அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் வாளிக் கதையைச் சொன்னேன். சரி, இதுவும் தப்பாகிவிட்டது என்று நினைத்தபோது அவள் சிரிக்கத் தொடங்கினாள். "ஏய், எங்கப்பா வாளிக்குள்ள தலையை விட்டிருக்கார்டி!" என்று அங்கே யாரிடமோ சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள்.

"வாளியில வெளிய வர ஒரே வழிதானேப்பா. அதுலயே திணறிட்டீங்களா?"

"திணறிட்டேன். ஆனா குழாயை விடலம்மா."

சிரிப்பு நின்றது. "குழாயைப் பிடிச்சீங்களா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கை தானாப் போச்சு."

"எனக்கு இன்னும் பயமாத்தான்பா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும். கை மட்டும் அது வேலையைப் பார்க்கட்டும்."

நானா சொன்னேன் இதை?

மார்ச் 13
வெள்ளி. காலையிலிருந்து நடை. "கொஞ்சம் உட்காருங்களேன். தரை தேஞ்சிடப் போகுது" என்றாள் மனைவி. அலமாரிப் புத்தகங்களை உயர வாரியாக அடுக்கினேன். பிறகு பழையபடியே அடுக்கினேன்.

மாலையில் செய்தி வந்தது. "வெளிய வந்துட்டேன்பா. கையை விடல."

மனைவியிடம் படித்துக்காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

அப்பாடா. இந்த முறை நல்ல அப்பாடா.

நவம்பர் 20
விமானிகளுக்கு இறக்கைச் சின்னம் அணிவிக்கும் விழா. பயிற்சி முடித்தவர்கள் வரிசையாக நிற்க, வீட்டார் போய்ச் சட்டையில் குத்திவிட வேண்டும். "நீங்களே குத்துங்க" என்று மனைவி என்னை முன்னால் தள்ளிவிட்டாள். தலையணை உறையில் பழகிப் பார்த்திருந்தேன். தலையணை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லையே. ஊசி வழுக்கியது. பக்கத்துப் பையனின் அம்மா குத்திவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிட்டார்.

கடைக்குட்டி சிலை மாதிரி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. "அப்பா, ஒரு கையால துணியைப் பிடிச்சுக்கோங்க. அப்புறம் குத்துங்க."

பிடித்துக்கொண்டேன். குத்தினேன். சற்றே சாய்ந்துவிட்டது, என் அலுவலகத்தில் இதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் அதை நேராக்கவில்லை. புகைப்படத்திலும் சாய்ந்தேதான் இருக்கிறது.

ஜனவரி 17
காலையிலிருந்து கடலில் பலத்த காற்று. ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். கடைக்குட்டி தொலைபேசியில், "கிளம்புறோம்பா, அப்புறம் பேசறேன்" என்றாள். அவ்வளவுதான்.

மதியம் சாப்பிட்டதும் வழக்கம்போல் தூங்கிவிட்டேன். விழித்தபோது மனைவி ஜன்னலருகே வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"எப்படிங்க உங்களுக்குத் தூக்கம் வருது?"

எனக்கே தெரியவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

விளக்குப் போடும் நேரத்தில் செய்தி வந்தது. "நாலு பேரையும் தூக்கிட்டோம். திரும்பி வந்தாச்சு. பசிக்குது."

"கேட்டியா, பசிக்குதாம்" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.