மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம்

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 3

அன்புத் தம்பி ஆல்வினுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் நான் பேனாவை எடுத்தேன். இங்கே பீச் மரமெல்லாம் பூத்துவிட்டது. என் முழங்கால்தான் மக்கர் செய்கிறது.

டியூட்டி முடிந்து வந்தும் காரைவிட்டு இறங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். ரெனீட்டா என்னிடம் போனில் அழுகிறாள். கட்டியவளிடம்கூடப் பேசாமல் அப்படி என்னடா யோசனை? உங்கள் சர்ச்சில் பாடுகிற டாலிவர் அம்மாவின் மகன் செத்த நாளிலிருந்துதான் இப்படி என்கிறாள். சுட்டது உன்னோடு வந்த போலீஸ்காரன், நீ இல்லையே. டிபார்ட்மெண்டில் இதற்கென்றே மனநல டாக்டர் இருக்கிறாராமே, போய்ப் பார்.

உன் அக்கா,
லவோன்

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

ஊருக்கெல்லாம் டாக்டர் சொல்கிறாய், முதலில் உன் முழங்காலைக் காட்டு.

டிபார்ட்மெண்ட் டாக்டரிடம் போனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு மேசை வேலையில் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஸ்டேஷனில், "நீ எங்க பக்கமா, அவங்க பக்கமா?" என்கிறார்கள். தெருவில் நம் கறுப்பின ஆட்களே, "விலைபோனவன் வர்றான் பாரு" என்கிறார்கள்.

சுட்டது நான் இல்லைதான். ரோட்டை மறித்து மஞ்சள் நாடாவைக் கட்டி, யாரையும் உள்ளே விடாதே என்றார்கள். டாலிவர் அம்மாவின் மகன் குவென்டின் குண்டடிபட்டு ரோட்டில் கிடந்தான், இன்னும் உயிர் இருந்தது. டாலிவர் அம்மா ஓடி வந்தார். இரண்டு கையாலும் அவரைப் பிடித்து நிறுத்தினேன். "ஆல்வின், நான்தாம்பா, ஒடெஸா. விடுப்பா, எம்புள்ள கூப்பிடுறான்" என்றார். விடவில்லை. கூட்டத்தை நன்றாகக் கட்டுப்படுத்தினேன் என்று கேப்டன் எனக்குப் பதக்கம் குத்தியிருக்கிறார், அக்கா.

ஆல்வின்

மேக்கன்
மார்ச் 22

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பிலிருந்த கீரையைக் கருக விட்டேன். சுட்டது நீ இல்லையே என்று லேசாக எழுதிவிட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல!

மேசையில் போட்டால் போடட்டும். மேசையிலாவது உயிரோடு உட்கார்ந்திருப்பாய். உங்கள் ஊர் ரிட்டயர்டு சார்ஜென்ட் ரூஃபஸ், நம் கறுப்பினப் போலீஸ்காரர்களை வியாழக்கிழமைதோறும் தன் வீட்டுக் கராஜில் கூட்டிவைத்துப் பேசச் சொல்கிறாராம். பேசியது வெளியே போகாதாம். அங்கே போ. வீட்டில் உன் சொந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது ஆல்வின். எனக்கென்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான்.

லவோன்

ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

போனேன். முதல் வாரம் அங்கே வைத்த கோழியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம்தான் பேச வாய் வந்தது. ரூஃபஸ் அண்ணன் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "வீட்ல இருக்கற துப்பாக்கியக் கொண்டா, எம் பெட்டில பூட்டி வெக்கிறேன். நானா தர்ற வரைக்கும் கேக்காத" என்றார். கொடுத்துவிட்டேன். டிபார்ட்மெண்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு டாக்டரம்மாவிடமும் அவரே கூட்டிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போனேன். பிரசங்கத்துக்கு முன்னால் எல்லோரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும் நேரம். டாலிவர் அம்மா வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். நான் கையை நீட்டினேன். அவர் தன் கைகளை மார்போடு கட்டிக்கொண்டார். "உம்மேல கோவமில்லப்பா. கோவப்பட்டு அலுத்துட்டேன். ஆனா அந்தக் கையத் தொட முடியல" என்றார்.

வீட்டுக்கு வந்து ரெனீட்டாவின் மடியில் விழுந்து அழுதேன். மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் போயிருக்கிறேன் போல. இனி அந்தச் சர்ச்சுக்குப் போக மாட்டேன், அங்கேயாவது அவர் நிம்மதியாகப் பாடட்டும். வியாழக்கிழமை மட்டும் தவற விடமாட்டேன்.

நான் இருப்பேன், அக்கா. அந்த வாக்கைத் தருகிறேன். நன்றாக இருப்பேன் என்று மட்டும் இப்போது சொல்லச் சொல்லாதே.

உன் தம்பி,
ஆல்வின்