ஈரத் துணியால் மூடிய தசைநாண்கள்

என் குறைகள் மூன்று:

1. ஆடி மாதம்: நெஞ்சில் குத்தியதை வாயு என்று சொல்லிச் நம் ஆய்வக மேசையிலிருந்து எழ மறுத்தாய். மறுவாரம் நீ இல்லை.

2. ஐப்பசி: தவறென்று நாம் தள்ளிவிட்ட முதல் சோதனை அட்டவணையை உன் மருத்துவமனை உன் படத்தோடு சுவரில் மாட்டியது. திருத்தியதைக் கொண்டுபோனேன். “கலர்ல பிரிண்ட் போட்டாச்சு சார்” என்றார்கள்.

3. தை, நேற்று: அந்தச் சுவரை நம்பிய ஒருவரின் விரல் மடங்காமல் போனதைக் கண்டேன்.

இன்று காலை ஆய்வகத்தில் உன் பனிப்பெட்டியைத் திறந்தேன். உப்புநீர்த் துணியின் வாடை இன்னும் போகவில்லை. நண்பா, களைத்துவிட்டேன். ஆனாலும் கோபம் களைக்கவில்லை.

விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால், அதை இரண்டு இழையால் தைத்தால் உறுதியா, நான்கு இழையாலா? கை அறுவை மருத்துவனான நீ தைப்பாய். என் கல்லூரி இயந்திரத்தில் நான் இழுத்துப் பார்ப்பேன். சோதனைக்கு நாண் எடுக்க ஆட்டுக்கால் வாங்க நீ கடைக்குள் போவாய். சமணக் குடும்பத்தில் பிறந்த நான் தெருமுனையிலேயே நிற்பேன். பையை என் வண்டியில் மாட்டிவிட்டுச் சிரிப்பாய்.

“இன்னா நயினாரே, மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கற? வெட்டுனது அவன். நாம தைக்கத்தானபா போறோம்!”

பொழுது சாய்ந்தபின் நான் உண்பதில்லை. நம் சோதனையைக் கெடுத்தது அந்த வழக்கம்தான். இரண்டிழைத் தையல்களை முதலில் இழுப்போம். பிறகு பொழுது சாயுமுன் நான் சாப்பிட, நீ எதிரே அமர்ந்து வம்பளப்பாய். நான்கிழைத் தையல்கள் அதுவரை மின்விசிறிக்கடியில் திறந்து கிடக்கும். அவை காட்டிய வலிமையைக் கண்டு மகிழ்ந்துபோனோம். ஒருநாள் நீதான் ஒன்றை விரலால் சுண்டினாய்.

“இது நாணா, அப்பளமாபா? காஞ்சிக்கினு கெடக்குது. காஞ்சது கெட்டியாத்தான் புடிக்கும். மனுசன் கையி உள்ள ஈரமாச்சே!”

அட்டவணை முழுவதையும் குறுக்கே அடித்தாய். மறுபடி தொடங்கினோம்: எல்லாம் ஈரத் துணிக்கடியில், இரு வகையும் மாறி மாறி. அப்போதும் நான்கிழையே வென்றது. ஆனால் அறுவதற்கு வெகுமுன்பே இணைப்பு மெல்ல விலகத் தொடங்கியது.

“அறுந்தா ஆளு கத்துவான். வெலகுனா யாருக்குத் தெரியும்?” என்றாய். விரலை மெல்ல மடக்கலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நம் உழைப்பெல்லாம் சொன்னது அவ்வளவுதான். சுவரிலிருக்கும் அட்டவணையோ இறுக்கிப் பிடிக்கலாம் என்கிறது.

அந்தச் சுவரை நம்பியவர் சின்ன காஞ்சிபுரத்தில் இளநீர் விற்பவர். அரிவாள் உள்ளங்கையில் பாய்ந்தது, உன் மருத்துவமனையில் நான்கிழையால் தைத்திருக்கிறார்கள். நேற்று அவர் கடையில் இடக்கையை நீட்டிக் காட்டினார். நடுவிரல் மடங்கவில்லை.

“நல்லா அழுத்திப் புடின்னாங்க சார், புடிச்சேன். உள்ள என்னமோ பட்டுனு போச்சு. செவுத்துல போட்டோல இருக்காரே, அந்த டாக்டர் கண்டுபுடிச்சதாமே?”

இல்லை என்றேன். நீ அடித்துப் போட்டது என்றேன். அவருக்கு அது எதற்கு? மறு அறுவைக்கு யார் பொறுப்பு என்பதுதான் அவர் கேள்வி.

இப்போதும் நான் பொழுதோடுதான் உண்கிறேன். மேசையில் எது இருந்தாலும் ஈரத் துணியால் மூடிய பிறகே கை கழுவுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துணிதான்.

தலைமை மருத்துவருக்கு எழுதிவிட்டேன்: சுவரிலிருப்பதைக் கழற்ற வேண்டும், அந்த விரலுக்கு மருத்துவமனையே பொறுப்பேற்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

முதல் குறைக்கு நீ தர வேண்டிய பதிலுக்கும் அதே கெடுதான். உன்னுடையது வராது. அவர்களுடையது வந்தாக வேண்டும்.